உடலும் கையும் கருவியும்: சுயாதீன அசைவூட்டப் படம் பற்றிய ஒரு விவாதம்

1

கலையுலகிலே புதிய கருவியொன்று தோன்றும்போதெல்லாம் இரு குரல்கள் ஒருசேர எழுவது வழக்கம். "இது கலையே அன்று" என்பது ஒன்று. "இனிக் கலைஞனே வேண்டியதில்லை" என்பது மற்றொன்று. முன்னது மரபு பேணுவோரின் அச்சத்திலிருந்து பிறப்பது. பின்னது கருவியை விற்போரின் ஆசையிலிருந்து பிறப்பது. ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோற்றினும், கருவியின் பின்னால் உழைக்கும் மனிதரைக் காண மறுப்பதில் இரண்டும் உடன்பாடு கொண்டவையே.

றோட்டோஸ்கோப் எனும் முறை பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்றுவரும் விவாதம் இதற்குத் தக்க சான்றாகும். மனிதர் நடித்த காட்சியை முதலிற் படம்பிடித்து, பின்னர் அதன் சட்டகங்களின் மீது கோடு வரைந்து அசைவூட்டப் படமாக மாற்றுவதே இம்முறை. இன்று இது கணினிக்குள் வந்துவிட்டது. பெருங் கலையகங்களின் வாயிற்படியை மிதித்தறியாத சிறு குழுக்களும் தனிமனிதரும் இதனாற் படம் ஆக்குகின்றனர். ஆயினும் அவர்களைப் பற்றிய பேச்சு இன்னமும் "இது வரைதலா, பிரதிபண்ணலா?" என்ற பழைய வினாவிலேயே தேங்கி நிற்கின்றது. அவ்வினா பொய்யான வினா. உண்மையான வினா வேறு: இத்தகைய படமொன்றில் எவரெவருடைய உழைப்பு அடங்கியுள்ளது, அவ்வுழைப்புக்குரிய கருவி எவருடைய உடைமை என்பதே அது.

2

முதலில் முறையின் பிறப்பை நோக்குதல் தகும். மக்ஸ் ஃபிளெய்ஷர் என்பார் 1915இல் இக்கருவிக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்து 1917இல் அதனைப் பெற்றார். படச்சுருளின் ஒரு சட்டகத்தைப் பின்னாலிருந்து கண்ணாடிப் பலகையொன்றின் மீது வீழ்த்தி, அதன்மேல் தாளை வைத்து உருவத்தை வரைந்து, பின்னர் அடுத்த சட்டகத்துக்கு நகர்த்துவதே அதன் இயக்கம். அவருடைய சகோதரர் டேவ், கோமாளி உடை தரித்து ஆடிய ஆட்டமே 'கோகோ' என்ற கோமாளியாகத் திரையில் உலவியது.

இதிலுள்ள உழைப்பின் அளவை எளிய கணக்கொன்று விளக்கும். திரையில் வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும், நிமிடத்துக்கு 720, பத்து நிமிடக் குறும்படமொன்றுக்கு 7,200. பதிவான அசைவு கண்முன்னே இருப்பதனால் அசைவைக் கற்பனை செய்யும் சுமை குறைகின்றது. வரையும் சுமை குறைவதில்லை. "நோகாமற் கோடிழுத்தல்" என இம்முறையை இகழ்வோர் இக்கணக்கை ஒருபோதும் போட்டுப் பார்த்ததில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது.

தூய்மைவாதிகளின் வாதம் வருமாறு: அசைவூட்டம் என்பது இல்லாத அசைவைக் கற்பனையினால் ஆக்குவது, இருந்த அசைவைத் தொடர்ந்து கோடு இழுப்பது கைவேலை மட்டுமே. இவ்வாதம் கமெராவையும் கோட்டையும் ஒன்றாகக் கருதும் மயக்கத்தில் எழுந்தது. முகமொன்றைக் காணும் கமெரா, மயிர்க்கால் முதல் நிழல் வரை தன்முன் உள்ள யாவற்றையும் வேறுபாடின்றிப் பதிவு செய்கின்றது. கோடு அவ்வாறு செய்தல் இயலாது. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அது ஒவ்வொரு கணமும் தீர்மானிக்க வேண்டும். இமையின் சோர்வைக் கொண்டு கன்னத்தின் சுருக்கத்தை விடுவது ஒரு பொருள். சுருக்கத்தைக் கொண்டு சோர்வை விடுவது முற்றிலும் வேறொரு பொருள். தேர்வு உள்ள இடத்தில் நோக்கு உண்டு. நோக்கு உள்ள இடத்திற் கலை உண்டு.

அவர்கள் கூற்றில் ஒரு பகுதி உண்மை என்பதனையும் மறுத்தற்கில்லை. கோடு சிந்தியாதபோது படம் உயிரிழந்துவிடுகின்றது. றல்ஃப் பக்ஷி 1978இல் ஆக்கிய 'த லோர்ட் ஒஃப் த றிங்ஸ்' படத்தின் போர்க்காட்சிகள் சிலவற்றில், நடிகரின் படப்பிடிப்பு வண்ணச் சாயம் ஏற்றப்பட்ட நிலையில் ஏறத்தாழ அப்படியே நிற்பதைக் காணலாம். அங்கே தேர்வு இல்லை. ஆகவே பொருளும் இல்லை. ஆயின் இக்குறை முறையின் குறையன்று. முறை அரைகுறையாய்க் கையாளப்பட்டதன் குறை. சந்தம் தவறிய செய்யுள்கள் உண்டு என்பதற்காக யாப்பையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவார் எவருமிலர்.

தனிமனிதர் கருத்தளவில் நின்றிருப்பின் இவ்வாதத்தை அலட்சியம் செய்துவிடலாம். ஆனால் அது நிறுவனங்களின் விதியாகவும் வடிவெடுத்துள்ளது. ஒஸ்கார் பரிசை வழங்கும் அமெரிக்கத் திரைப்பட அக்கடமி, நடிகரின் அசைவைக் கருவிகளாற் பதிவு செய்யும் முறை தன்னளவில் அசைவூட்டமாகாது என்று 2010இல் விதி செய்தது. 2022இல் றிச்சர்ட் லிங்க்லேற்றரின் 'அப்பொலோ பத்தரை' என்ற படம், நேரடிப் படப்பிடிப்பை மிகுதியாகப் பயன்படுத்தியது என்ற காரணத்தால், அசைவூட்டப் படப் பிரிவுக்குத் தகுதியற்றதென முதலில் ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்து முறையீடு செய்யப்பட்ட பின்னரே அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அறியப்பெற்ற இயக்குநருக்கே இந்நிலை எனில், பெயரற்ற சிறு படைப்பாளியின் முறையீட்டைக் கேட்பார் எவர் என்பது சிந்தித்தற்குரியது.

3

கணினியின் வருகை இவ்விவாதத்துக்குப் புதிய களம் அமைத்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஊடக ஆய்வுகூடத்திற் பயின்ற பொப் சபிஸ்டன் 1990களின் பிற்பகுதியில் 'றோட்டோஷொப்' என்ற மென்பொருளை ஆக்கினார். ஒரு சட்டகத்திற் கோடொன்றை வரைந்து, சில சட்டகங்களுக்கு அப்பால் அதே கோட்டை அதன் புதிய இடத்தில் வரைந்தால், இடைப்பட்ட சட்டகங்களுக்குரிய கோடுகளைக் கணினியே கணித்து நிரப்பிவிடும். இதன் விளைவாக உருவங்கள் நீரில் மிதப்பனபோல் நெளியும் தனித்தன்மை பிறந்தது.

இடைச்சித்திரம் வரைதல் என்பது பெருங் கலையகங்களிற் குறைந்த கூலி பெற்ற கீழ்நிலை ஊழியரின் பணியாக இருந்து வந்தது. அவர்களுடைய நிலை எத்தகையது என்பதற்கு வரலாறு சான்று பகரும். 1937இல் நியூயோர்க்கிலே ஃபிளெய்ஷர் கலையகத்தின் ஊழியர் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1941இல் டிஸ்னி கலையகத்தின் ஊழியரும் வீதிக்கு வந்தனர். குழந்தைகள் கண்டு மகிழ்ந்த சித்திரங்களின் பின்னால் இத்தகைய போராட்டங்கள் இருந்தன. அவ்வூழியரின் பணியைக் கணினி ஏற்றுக்கொண்டமை, கலையக முதலாளிக்குக் கூலிச் சேமிப்பாகவும், கூலியாள் வைக்க வழியற்ற தனிப் படைப்பாளிக்கு விடுதலையாகவும் அமைந்தது. ஒரே கருவி இருவேறு கைகளில் இருவேறு பொருள் பெறுவதனை இங்கே காணலாம்.

அவ்விடுதலையின் பயன் வெறுமையானதன்று. சபிஸ்டன் 1999இல் ஆக்கிய 'ஸ்னக் அன்ட் டிறிங்க்' என்ற குறும்படம், ஓட்டிசம் உள்ள சிறுவன் ஒருவன் கடைக்குச் சென்று தின்பண்டமும் பானமும் பெறும் சிறு நிகழ்வைக் காட்டுவது. பெருமுதலீடு தேடி வரத்தக்க 'கதை' அதில் இல்லை. 2001இல் லிங்க்லேற்றர் இயக்கிய 'வேக்கிங் லைஃப்' படத்திலே முப்பதுக்கு மேற்பட்ட ஓவியர் பங்குகொண்டனர். பாத்திரங்கள் ஓவியரிடையே பகிரப்பட்டு, அவரவர் தத்தம் பாணியிலேயே வரைய இடமளிக்கப்பட்டது. கனவும் நனவும் பற்றிய அப்படத்தில் பாணிகளின் பன்மை அலங்காரமாக நில்லாது கருத்தாகவே தொழிற்பட்டது.

ஐந்தாண்டுகளின் பின் வெளிவந்த 'எ ஸ்கானர் டார்க்லி' வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. புகழ்பெற்ற நடிகரும் பெருங் கம்பனியொன்றின் கிளையும் சம்பந்தப்பட்ட அப்படத்தில், படம் முழுமைக்கும் ஒரே பாணி வேண்டப்பட்டது. கதையின் இயல்பு அதனைக் கோரியது என்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 500 மணித்தியால உழைப்புத் தேவைப்பட்டது. பணி நீண்டு, காலக்கெடு நெருக்க, கருவியை ஆக்கிய சபிஸ்டனும் குழுத்தலைவர் சிலரும் நடுவழியிற் படத்தை விட்டு நீங்கினர். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் என்று கொண்டால், 500 மணித்தியாலம் என்பது ஒருவருடைய 62 நாள் உழைப்புக்கும் மேலானது. கணினி உழைப்பை ஒழித்துவிட்டது என்போர் இவ்வெண்ணை நெஞ்சில் நிறுத்துதல் நன்று. உழைப்பு ஒழியவில்லை, பார்வையிலிருந்து மறைந்தது, அவ்வளவே.

4

இனி இரண்டாவது குரலுக்கு வரலாம். "பொத்தானை அழுத்தினாற் போதும், எந்தக் காணொளியும் சித்திரமாகிவிடும்" என்பது இன்றைய சந்தைக் கூவல். ஒரு சில சட்டகங்களுக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தால் ஏனையவற்றுக்கு அதனைப் பரப்பும் மென்பொருள்கள் வந்துள்ளன. இவற்றிலும் வண்ணம் தீட்டுபவர் ஒருவர் இருக்கின்றார். எனவே இவற்றை முற்றாகத் தள்ளுதல் பொருந்தாது. ஆயின் அதற்கப்பாலும் சென்று, பிறருடைய சித்திரங்களை விழுங்கிப் பயின்ற செயற்கை நுண்ணறிவு கொண்டு, வரையும் கையே இல்லாது செய்வோரும் உளர். அமெரிக்கக் காணொளிக் குழுவொன்று 2023இல், முன்னர் வெளிவந்த யப்பானிய அசைவூட்டப் படமொன்றின் தோற்றத்தைக் கணினிக்குப் பயிற்றித் தம் நடிப்பின் மீது போர்த்திப் படம் வெளியிட்டபோது கடும் வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. அசைவூட்டம் இனி எல்லார்க்கும் உரியதாயிற்று என்பது அக்குழுவினர் தரப்பு வாதம்.

'எல்லார்க்கும் உரியது' என்ற சொற்றொடர் இனிமையானது, ஆகவே ஆராய்தற்குரியது. பிறர் பல்லாண்டு பயின்று பெற்ற கைவண்ணத்தை அவர் இசைவின்றி எடுத்துக்கொள்வது பொதுமையாக்கல் ஆகாது, அது பறித்தல். பொதுமை என்பது கொடுப்போர் மனமுவந்து கொடுப்பதனால் வருவது. அன்றியும், முன்னர்க் கூறிய தேர்வு என்ற செயல் இங்கே நிகழ்வதில்லை. இமைக்கும் சுவருக்கும் ஒரே கவனத்தைச் செலுத்தும் கருவி, கமெராவின் வேறுபாடின்மைக்கே மீண்டும் சென்று சேர்கின்றது. றோட்டோஸ்கோப்பைப் 'பிரதி' என்று பழித்த தூய்மைவாதியின் குற்றச்சாட்டு அதற்குப் பொருந்தாவிடினும், கையற்ற இப்புதுமுறைக்கு நன்கு பொருந்தும்.

கை இருப்பதனால் வரும் வேறுபாட்டை 'டவர்' என்ற படம் தெளிவாக்கும். 1966 ஓகஸ்ட் 1ஆம் நாள் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கோபுரத்திலிருந்து ஒருவன் துப்பாக்கிப் பிரயோகம் செய்து மாணவரையும் பிறரையும் கொன்றான். அரை நூற்றாண்டின் பின், 2016இல், கீத் மெயிற்லன்ட் அந்நாளைத் திரையில் மீட்டார். உயிர்தப்பியோரின் சொற்களை இளம் நடிகர் பேச, அவர்கள் மீது அசைவூட்டம் வரையப்பட்டது. படம் வளர்ந்து செல்கையில், வரையப்பட்ட இளமுகம் விலகி, அதே மனிதரின் மூப்படைந்த உண்மை முகம் தோன்றுகின்றது. நினைவு என்பது கோடு. காலம் என்பது முகம். இரண்டுக்கும் இடையே உள்ள ஐம்பது ஆண்டுகளை வேறெம்முறையும் இத்துணை நேர்மையாகக் காட்டியிராது. முழுதும் நேரடி நடிப்பாயின் அது பாசாங்காகவும், முழுதும் கற்பனைச் சித்திரமாயின் தூரத்துக் கதையாகவும் போயிருக்கும். கோடு எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்ற தீர்மானமே இப்படத்தின் உயிர். அத்தீர்மானத்தை எந்தப் பொத்தானும் எடுக்கமாட்டாது.

5

கையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உடலை மறந்துவிடுகின்றனர். கோடு தொடரும் அசைவு எவரோ ஒருவருடைய உடலிலிருந்து வந்தது. 1932, 1933ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'பெற்றி பூப்' படங்களிலே கறுப்பின இசைஞர் கப் கலோவேயின் நடனம் கடற்பிராணியாகவும் பேயுருவாகவும் வரையப்பட்டது. அவர் புகழ் பெற்றவராதலின் பெயர் மறையவில்லை. 1937இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஸ்னோ வைற்' படத்தில் இளவரசியின் அசைவுகளுக்கு ஆதாரமாய் நடித்துக் கொடுத்தவர் மார்ஜ் சம்பியன் எனப் பின்னர் அறியப்பட்ட இளம் நடனமாது. படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கண்ட அவ்வசைவு எவருக்கும் உரியதல்லாததுபோல் ஆக்கப்பட்டது. 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நடிகரின் உருவத்தைக் கணினியிற் பிரதி செய்து பயன்படுத்தும் உரிமை அப்போராட்டத்தின் முக்கிய பிரச்சினைகளில் ஒன்றாயிருந்தது. மார்ஜ் சம்பியனின் காலத்தில் எழாத வினா, 86 ஆண்டுகளின் பின் வீதியில் எழுந்தது.

சுயாதீனப் படைப்பாளி இவ்விடயத்தில் வேறு வழியைக் காட்ட முடியும், காட்டியும் உள்ளார். நீனா பேலி ஏறத்தாழத் தனியொருவராகவே உழைத்து 2008இல் முடித்த 'சீதா சிங்ஸ் த புளூஸ்' படத்தில், அக்கினிப் பிரவேசப் பகுதியிலே ரீனா ஷாவின் நடனத்தைத் தொடர்ந்து கோடு வரையப்பட்டது. சீதையின் துயரத்துக்கு உடல் தந்தவர் எவர் என்பது அங்கே மறைக்கப்படவில்லை. படமும் எவரும் பார்க்கவும் பகிரவும் கூடியதாகப் பொதுவில் விடப்பட்டது. வசதி குறைந்த இடத்தில் நேர்மை மிகுந்திருந்தமை தற்செயலானதன்று. ஊதியமும் இலாபமும் மறைக்க வேண்டியவையாக இல்லாதவிடத்துப் பெயர்களும் மறைக்கப்பட வேண்டியதில்லை.

6

இறுதியாக எஞ்சுவது கருவியின் உடைமை. ஃபிளெய்ஷரின் ஆக்கவுரிமை அக்காலச் சட்டப்படி 17 ஆண்டுகள் நிலைத்து, பின்னர் பொதுவுடைமையாயிற்று. றோட்டோஷொப் பொதுமக்களுக்கு விற்கப்படவுமில்லை, திறந்து விடப்படவுமில்லை. ஒரு குழுவின் தனிக் கருவியாகவே நின்றது. தாம் ஆக்கிய கருவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளச் சபிஸ்டனுக்கு உரிமை உண்டு; அதிற் குறைகாண இடமில்லை. ஆயின் அக்குழு நின்ற இடத்தில் அம்முறையும் நின்றுவிடும் என்ற உண்மையும் அதனோடு சேர்ந்தே உள்ளது. பெருங் கம்பனிகளின் நிலையோ இன்னும் கடியது. அடோபி நிறுவனம் 2013 முதல் தன் முக்கிய மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறையிலேயே வழங்கிவருகின்றது. சந்தா நின்றால் கருவி திறவாது. கருவி திறவாவிடின் படைப்பாளி தான் வரைந்த கோட்டையே தொட இயலாது. ஏரை வாடகைக்கு எடுத்து உழுபவன் நிலத்துக்கும் உரியவனல்லன், விளைச்சலுக்கும் உரியவனல்லன் என்ற நிலை இது. பத்து நிமிடப் படத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஒருவர் தன்னைச் 'சுயாதீனர்' என்று அழைத்துக்கொள்வதில் அப்போது என்ன பொருள் எஞ்சும்?

மாற்று இல்லாமலில்லை. 2002இல் உலகெங்குமிருந்த பயனாளர் ஏழு வாரங்களில் ஒரு இலட்சம் யூரோ திரட்டி, 'பிளெண்டர்' என்ற மென்பொருளின் மூலநிரலை விலைகொடுத்து மீட்டு எல்லார்க்கும் பொதுவாக்கினர். லற்வியாவைச் சேர்ந்த கின்ற்ஸ் சில்பலோடிஸ் அதே கருவி கொண்டு ஆக்கிய 'ஃபுளோ' என்ற படம் 2025இல் பெருங் கலையகங்களின் படங்களை வென்று ஒஸ்கார் பரிசு பெற்றது. அது றோட்டோஸ்கோப் படமன்று. எனினும் பொதுக்கருவி தரத்திற் குறைந்தது என்ற வாதத்துக்கு அதுவே விடை. பிளெண்டரிலும், 'சின்ஃபிக்' என்ற மற்றொரு கட்டற்ற மென்பொருளிலும், இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்டவற்றைக் கணினியாற் கணிக்கும் வசதி உண்டு. 'கிறீற்றா' சட்டகம் சட்டகமாய் வரைவதற்கு உதவும். இவை பழகுதற்கு எளியவையல்ல என்ற குறை உண்மையே. ஆனால் பழகியது பழகியவரிடமே தங்கும், சந்தாவோடு போய்விடாது.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பெறப்படுவது இதுவே. றோட்டோஸ்கோப் படமொன்றின் தரத்தை அளக்க, அது வரையப்பட்டதா பிரதிபண்ணப்பட்டதா என்று கேட்பது வீண். மூன்று வினாக்களே கேட்கத்தக்கன. அசைந்த உடலின் பெயர் சொல்லப்பட்டதா? வரைந்த கை தீர்மானித்ததா, அன்றிக் கீழ்ப்படிந்ததா? கருவி வரைந்தவரிடமே தங்கியதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடையிறுக்கவல்ல படமே சுயாதீனப் படம்; ஏனையவை சிறு முதலீட்டில் ஆக்கப்பட்ட கலையகப் படங்கள் மட்டுமே.

பல்கலைக்கழகங்களுக்கு இதிற் பொறுப்பு உண்டு. திரைப்படக் கல்வி என்ற பெயரிற் கம்பனிகளின் மென்பொருள்களுக்கு வாடிக்கையாளரைப் பயிற்றி அனுப்புவது கல்வியாகாது. றோட்டோஷொப்பை ஆக்கியவர் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றிற் பயின்றவர். கருவியை ஆக்கும் அறிவு அங்கே கிடைத்தது. பயன்படுத்தக் கற்பிப்பதோடு நில்லாது, ஆக்கவும் திருத்தவும் பகிரவும் கற்பிக்கும் இடமாக அது மீண்டும் ஆதல் வேண்டும். கைத்தொலைபேசியிலேயே கமெரா வந்துவிட்ட காலம் இது. உடல் உண்டு, கையும் உண்டு. கருவி பொதுவாகும் நாளில்தான் அவ்விரண்டும் தமக்குரிய படத்தைத் தாமே ஆக்கும்.